ஆந்தை எப்படி ‘3’ ஆனது? எகிப்தியச் சித்திர எழுத்துகளின் உருமாற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழங்கால எகிப்திய எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் தவறாமல் எழும். “மூவாயிரம் வருஷமும் அதே பறவை, அதே பாம்பு, எதுவுமே மாறவில்லை” என்பது ஒன்று. “படம் தேய்ந்து கிறுக்கலாகி, கிறுக்கல் தேய்ந்து எழுத்தானது” என்பது இன்னொன்று. இரண்டும் பாதி உண்மை. கல்லில் நடந்தது ஒன்று, பாப்பிரஸ் என்ற கோரைத்தாளில் நடந்தது வேறு. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருபவைதான்.

இவை படங்களா, எழுத்துகளா?

பார்க்கப் படம், செய்யும் வேலை பெரும்பாலும் எழுத்தினுடையது. ஆந்தை ‘ம்’ என்ற ஒலி. வாய் ‘ர்’. நீரலை ‘ந்’. கொம்பு விரியன் பாம்பு ‘ஃப்’. வீட்டின் தரைப்படம் போன்ற குறி ‘ப்-ர்’ என்று இரண்டு மெய்களைச் சேர்த்துத் தரும். அந்த வீட்டுக் குறியோடு ஒரு வாயையும் நடக்கும் இரண்டு கால்களையும் போட்டால் “வெளியே போ” என்ற வினைச்சொல். கடைசியில் நிற்கும் கால்களுக்கு உச்சரிப்பு கிடையாது. இது நடமாட்டம் பற்றிய சொல் என்று வாசிப்பவருக்குக் காட்டிக்கொடுப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. உயிரொலிகளை எழுதவே மாட்டார்கள்.

எந்தப் பக்கமிருந்து வாசிப்பது என்றும் பலர் கேட்கிறார்கள். மனிதர்களும் விலங்குகளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கமிருந்துதான். பெரும்பாலும் வலமிருந்து இடம். இந்தக் கூட்டத்தில் ஆந்தை மட்டும் ஒரு விசித்திரம்: உடம்பு பக்கவாட்டில் நிற்கும், முகம் நம்மை நேராகப் பார்க்கும். மற்ற பறவைகள் எல்லாம் தலையையும் பக்கவாட்டிலேயே வைத்திருக்கும்.

கிடைத்தவற்றிலேயே பழைய வடிவங்கள் எவை?

அபிடோஸ் நகருக்கு அருகே உம் எல்-காப் என்ற இடுகாட்டில் ‘யூ-ஜே’ என்று பெயரிடப்பட்ட ஒரு கல்லறை இருக்கிறது. குந்தர் டிரையர் தலைமையிலான ஜெர்மானியக் குழு 1988-இல் அதை அகழ்ந்தபோது எலும்பிலும் தந்தத்திலும் செய்த சின்னச் சின்ன வில்லைகள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் ஒரு துளை. மூட்டைகளிலோ பெட்டிகளிலோ கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும். அவற்றில் பறவை, யானை, பாம்பு, மலை, எண்ணிக்கைக் கோடுகள் ஆகியவை கீறப்பட்டிருக்கின்றன. காலம் ஏறத்தாழ கி.மு. 3200, அல்லது அதற்கும் சற்று முன்பு.

அதற்கடுத்து நர்மர் தட்டு, நர்மர் என்ற தொடக்ககால அரசனின் செதுக்குக் கல். அரசன் பெயரைக் கெளுத்தி மீனும் உளியும் சேர்ந்து சொல்கின்றன: மீன் ‘நர்’, உளி ‘மர்’. இந்தக் கட்டத்தில் குறிகளுக்குச் சீரான அளவோ ஒரே வடிவமோ கிடையாது. ஒரே பறவையை இரண்டு பேர் இரண்டு மாதிரி கீறியிருப்பார்கள். எகிப்திய அரசர்களை வம்சம் வம்சமாக எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். முழு வாக்கியம் என்று சொல்லத்தக்க முதல் எழுத்து 2-ஆம் வம்சத்து அரசன் பெரிப்சென் காலத்து முத்திரைப் பதிவில்தான் வருகிறது. 3-ஆம் வம்சத்தில் வடிவங்கள் ஒழுங்குக்கு வந்துவிட்டன. சக்காராவில் ஹெசி-ரா என்ற அதிகாரியின் கல்லறையில் கிடைத்த மரப்பலகைகளைப் பார்த்தால் தெரியும். அவ்வளவு நேர்த்தியான குறிகள் பிற்காலத்திலும் அபூர்வம்.

அதற்கப்புறம் கல்லில் எதுவும் மாறவில்லையா?

அடிப்படை உருவம் மாறவில்லை. கி.மு. 2600-இன் ஆந்தையையும் கிளியோபாட்ரா காலத்து ஆந்தையையும் அருகருகே வைத்தால் இரண்டும் ஆந்தை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இது சாதாரண விஷயமில்லை. மெசபடோமியாவில் ஆப்பெழுத்தும் படமாகத்தான் தொடங்கியது. ஈரக் களிமண்ணில் நாணலை அழுத்தி எழுதியதால், சில நூற்றாண்டுகளிலேயே தலையும் மீனும் வெறும் ஆப்புக் கூட்டமாகிவிட்டன.

எகிப்தில் படம் ஏன் நிலைத்தது? எகிப்தியர்கள் இதை ‘மெது நெட்ஜெர்’ என்றார்கள். தெய்வத்தின் சொற்கள் என்று பொருள். கோயில் சுவரிலும் கல்லறையிலும் செதுக்கும் குறியும் அதே சுவரில் செதுக்கும் உருவச் சிற்பமும் அவர்களுக்கு ஒரே கலையின் இரண்டு அளவுகள். சுவரில் பெரிதாக நிற்கும் மனிதனுக்கும் எழுத்தில் சிறிதாக உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் ஒரே விதிதான். படத்துக்கு உயிர் உண்டு, அதைக் குலைத்தால் அந்த உயிர் போய்விடும் என்று நம்பினார்கள். அப்புறம் இன்னொரு நடைமுறைக் காரணம்: அவசர வேலைக்கு வேறு எழுத்து தனியாக இருந்தது. அதனால் இதன் மேல் வேகத்தின் அழுத்தம் விழவில்லை. இரண்டில் இந்த இரண்டாவது காரணத்துக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பக்தி மட்டும் எந்த எழுத்தையும் மூவாயிரம் ஆண்டு காப்பாற்றாது.

சரி, அடிப்படை மாறவில்லை. நுணுக்கங்கள்?

அங்கேதான் சுவாரசியம். குறி காட்டும் பொருளே உலகத்தில் மாறினால் என்ன செய்வது? எழுத்தர்கள் இரண்டு விதமாகவும் நடந்துகொண்டார்கள்.

ஆயுதங்களைப் புதுப்பித்தார்கள். கோடரிக் குறிக்குப் பழைய வகை, பிற்கால வகை என இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. குத்துவாளும் அப்படியே. படைக்கலம் மாற மாற எழுத்தும் மாறியது. வெளியிலிருந்து வந்த ஹிக்ஸோஸ் அரசர்கள் வடக்கை ஆண்ட காலத்தை ஒட்டி நாட்டுக்குள் வந்த குதிரைக்கும் தேருக்கும் பழைய எழுத்தில் இடமே கிடையாது. 18-ஆம் வம்சத்துக் கல்வெட்டுகளில் இரண்டும் சகஜமாக ஓடுகின்றன.

தங்கள் சொந்தக் கருவியை மட்டும் அவர்கள் தொடவில்லை. ‘எழுது’, ‘எழுத்தர்’ என்ற சொற்களுக்கு ஒரு குறி உண்டு: இரண்டு மைக்குழி உள்ள பலகை, ஒரு சிறு பை, தனியான எழுதுகோல் கூடு, மூன்றையும் இணைக்கும் கயிறு. ஹெசி-ரா தோளில் தொங்கவிட்டிருப்பது இதைத்தான். பிற்காலத்தில் பலகையிலேயே எழுதுகோலுக்கும் பள்ளம் வெட்டிவிட்டார்கள், தனிக் கூடு தேவைப்படவில்லை. எழுத்தில் மட்டும் அந்தப் பழைய மூட்டை கடைசிவரை தொங்கிக்கொண்டே இருந்தது. கணினியில் ‘சேமி’ பொத்தானில் இன்னும் ஃபிளாப்பி வட்டு இருக்கிறதே, அதே கதை.

சுருட்டிக் கட்டிய பாப்பிரஸ் குறியிலும் ஒரு சின்ன மாற்றம் உண்டு. பழைய வடிவத்தில் கட்டிய கயிற்றின் நுனிகள் சுருளுக்கு மேலும் கீழும் தெரியும். 12-ஆம் வம்சத்துக்குப் பின் அந்த வடிவம் போய், எளிய முடிச்சோடு நின்றுவிட்டது. அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டுக்கு முன்னால் நின்று கயிற்று நுனியைத் தேடுவது பழகினால் விடாத பழக்கம்.

அரசன் பெயரைச் சுற்றிய வளையமும் வளர்ந்ததுதான். தொடக்கத்தில் அரசப் பெயர்கள் அரண்மனை முகப்பு போன்ற ஒரு கட்டத்துக்குள் இருந்தன. பிறகு முடிச்சிட்ட வட்டக் கயிற்றுக்குள் போயின. அந்தக் கயிறு நித்தியத்தின் சின்னம். நீளமான பெயர் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் வட்டம் நீண்டு முட்டை வடிவமானது. 4-ஆம் வம்சத்து ஸ்னெஃப்ரு காலத்திலிருந்து அது நிலையான வழக்கம்.

சில கல்லறைகளில் பறவைகளுக்குக் காலே இல்லையாமே? செதுக்கியவர் மறந்துவிட்டாரா?

இல்லை, வேண்டுமென்றே செய்தது. இறந்தவர் படுத்திருக்கும் அறையில் எழுத்து உயிர் பெற்று எழலாம் என்று அஞ்சினார்கள். பாம்பு கடிக்கலாம், சிங்கம் பாயலாம், பறவை படையல் சோற்றைத் தின்றுவிடலாம்.

5-ஆம் வம்சத்தின் கடைசி அரசன் ஊனாஸ், ஏறத்தாழ கி.மு. 2350-இல், தன் பிரமிடின் உள்ளறைச் சுவர்களில் மந்திரங்களைச் செதுக்க வைத்தான். பிரமிடு உரைகள் என்று இன்று அழைக்கப்படுபவை அவை. அவனுடைய பிரமிடிலும் பின்வந்த அரசர்களின் பிரமிடுகளிலும் மனித உருவக் குறிகளைத் தவிர்த்திருப்பார்கள், இல்லாவிட்டால் தலையும் கைகளும் மட்டும் வைத்து உடம்பை விட்டிருப்பார்கள். சிங்கத்தை நடுவில் வெட்டி இரண்டு துண்டாக வைத்த இடங்களும் உண்டு. பல நூற்றாண்டு கழித்து, 12-ஆம் வம்சத்தின் இறுதியில், வேறு ஒரு முறை வந்தது: காலில்லாத பறவை, வாலில்லாத பாம்பு. அரசன் மூன்றாம் அமெனெம்ஹத்தின் மகள் நெஃபெருப்தாவின் சவப்பெட்டியில் இதைப் பார்க்கலாம். எழுத்து வெறும் அடையாளம் என்று நினைத்திருந்தால் யாராவது அதன் காலை வெட்டுவார்களா?

தலைப்பில் சொன்ன ஆந்தைக்கு வருவோம். அது எப்படி ‘3’ ஆனது?

பாப்பிரஸில், தூரிகைப் பேனாவால். நீர்நிலைகளில் வளரும் ஒருவகைக் கோரைத் தண்டை எடுத்து, ஒரு நுனியைச் சாய்வாக வெட்டி, மென்று நாராக்கினால் எகிப்தியப் பேனா தயார். அதில் கறுப்பு மை தோய்த்து வேகமாக எழுதும்போது கை தானாகவே வளைவுகளைச் சேர்க்கும், கோடுகளை விழுங்கும். ஆந்தையின் தலை ஒரு வளைவு, நெஞ்சு இன்னொரு வளைவு. இறக்கை, நகம், கண் எல்லாம் காணாமல் போய்விட்டன. கடைசியில் மிஞ்சியது நம் ‘3’ போன்ற ஒரு வடிவம். அடிக்கடி சேர்ந்து வரும் இரண்டு மூன்று குறிகளைப் பேனா தூக்காமல் ஒன்றாக இழுத்துவிடுவார்கள். ஆந்தையை முழுதாக நான் வரைந்து பார்த்தேன், மூன்று நிமிஷம் ஆகியும் கோழி மாதிரிதான் வந்தது. ‘3’ போட ஒரு நொடி போதும்.

இந்தக் கையெழுத்துக்கு ஹைரேட்டிக் என்று பெயர். ‘பூசாரிகளுடையது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். கிரேக்கர்கள் பார்த்த காலத்தில் மதநூல்களுக்கு மட்டும் அது பயன்பட்டதால் வந்த பெயர். அதற்கு முன் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கணக்கு, கடிதம், வழக்கு, கதை, மருத்துவம் எல்லாமே அதில்தான்.

வரைவதற்குச் சிரமமான குறிகளுக்கு ஒரு குறுக்குவழியும் வைத்திருந்தார்கள்: ஒரு சாய்கோடு. ‘இங்கே ஏதோ ஒரு கஷ்டமான படம் இருக்க வேண்டும், புரிந்துகொள்’ என்று அர்த்தம்.

அப்படியென்றால் முதலில் சித்திரம், பிறகு ஹைரேட்டிக் என்பதுதானே வரிசை?

பாடப்புத்தகங்கள் அப்படித்தான் அம்புக்குறி போட்டுக் காட்டும். நடந்தது வேறு. வம்சங்கள் தொடங்கும் முன்பே ஜாடிகளின் மேல் மையால் எழுதிய வேகக் குறிகள் கிடைக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகப் பிறந்து, பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தவை.

இதற்கு நல்ல சாட்சி மெரர் என்பவரின் நாட்குறிப்பு. செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியர் தாலே தலைமையிலான குழுவுக்கு 2013-இல் கிடைத்தது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழையவை இவை. குஃபு அரசனின் பெரிய பிரமிடு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், தூரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் படகில் கொண்டுபோன ஒரு குழுவின் தலைவர் மெரர். இன்று எங்கே தங்கினோம், எப்போது கிளம்பினோம் என்று நாள்வாரியாகக் கட்டம் கட்டிக் குறித்திருக்கிறார்கள். பிரமிடு கட்டும்போதே கையெழுத்து அவ்வளவு முதிர்ந்திருந்தது.

கையெழுத்து திரும்பிப் போய்க் கல்லெழுத்தை மாற்றியதா?

மாற்றியது! பலர் கவனிக்காத விஷயம் இது. காடைக்குஞ்சு ‘வ்’ ஒலிக்கான குறி. கையெழுத்தில் அதைச் சுருக்கிச் சுருக்கி ஒரு சிறு சுருளாக்கிவிட்டார்கள். 18-ஆம் வம்சத்தில் தொடங்கும் புதிய அரசுக் காலத்தில் அந்தச் சுருள் கோயில் சுவருக்கே ஏறிவிட்டது. ஒரே கல்வெட்டில் ஒரு வரியில் காடைக்குஞ்சும் அடுத்த வரியில் சுருளும் இருக்கும். இடம் போதாத இடத்தில் சுருள், தாராளமாக இருந்தால் குஞ்சு. மேலே சொன்ன சாய்கோடும் இப்படித்தான் கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. அவசரத்தில் பிறந்த வடிவத்தை ஒருவர் உட்கார்ந்து நிதானமாக உளியால் செதுக்கியிருக்கிறார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

‘இறந்தோர் நூல்’ சுருள்களில் இருப்பது எந்த வகை?

இறந்தவரோடு கல்லறையில் வைத்த மந்திரச் சுருள்கள் அவை. பலவற்றில் இருப்பது சித்திரத்துக்கும் ஹைரேட்டிக்குக்கும் நடுவில் ஒன்று. படத்தை அடையாளம் காண முடியும், ஆனால் கோட்டோவியம் அளவுக்கு எளிமை. பெரும்பாலும் செங்குத்துப் பத்திகளில் எழுதுவார்கள். ஹைரேட்டிக்கும் தொடக்கத்தில் பத்திகளில்தான் இருந்தது. மூன்றாம் அமெனெம்ஹத் காலத்தை ஒட்டிக் கிடைவரிகளுக்கு மாறியது. அதன்பின் எழுத்தின் ஓட்டமும் வேகமும் கூடியதில் ஆச்சரியமில்லை.

18-ஆம் வம்சத்து அரசன் அக்நாதென் கொண்டுவந்த சமய மாற்றம் எழுத்தைத் தொட்டதா?

தொட்டது, குறிப்பாக ஒரு இடத்தில். ‘தாய்’ என்ற சொல்லைப் பாறுக்கழுகால் எழுதுவது வழக்கம். அது முத் என்ற பெண் தெய்வத்தின் பெயரையும் எழுதும் குறி. சூரிய வட்டத் தெய்வமான ஆதெனைத் தவிர வேறு தெய்வங்களை ஒதுக்கிய அந்த அரசன் காலத்தில் கழுகைத் தவிர்த்து, அதே சொல்லை ஒற்றை ஒலிக் குறிகளால் எழுதினார்கள். அவன் போனதும் கழுகு திரும்பி வந்துவிட்டது.

டெமாட்டிக் என்பது என்ன?

கையெழுத்தின் அடுத்த தலைமுறை. கி.மு. 650 வாக்கில், 26-ஆம் வம்சத்து முதலாம் சாம்திக் காலத்தில், வடக்கு எகிப்தின் அலுவலகக் கையெழுத்திலிருந்து உருவானது. தெற்கே தீப்ஸில் வேறொரு வட்டாரக் கையெழுத்து வளர்ந்திருந்தது. அரசாங்கம் வடக்கிலிருந்து நடந்ததால் அது தோற்றுப்போனது. எகிப்தியர்கள் டெமாட்டிக்கை ‘கடித எழுத்து’ என்றார்கள். ஒரே ஆணையைச் சித்திர எழுத்து, டெமாட்டிக், கிரேக்கம் என மூன்றிலும் தரும் ரோசெட்டா கல்லில் நடுவில் இருப்பது இதுதான். இதில் ஆந்தையையோ பாம்பையோ தேடாதீர்கள், கிடைக்காது. கிரேக்கர்களின் கூரிய நாணல் பேனா பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்ததும் கோடுகள் இன்னும் மெலிந்தன.

வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் எழுத்து இப்படி ஓடிக்கொண்டிருந்த அதே 26-ஆம் வம்சத்தில் கல் பின்னோக்கிப் போனது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு பழைய கல்லறைகளைப் பார்த்து, அந்தப் பழைய பாணியிலேயே செதுக்குவது பெருமை என்று ஆனது. இந்தக் காலத்துக் கல்வெட்டு ஒன்றை வடிவத்தை மட்டும் பார்த்துத் தேதி சொல்ல முயன்றால் நன்றாக ஏமாறலாம்.

குறிகளின் எண்ணிக்கை எழுநூறிலிருந்து ஏழாயிரம் ஆனதாகச் சொல்கிறார்களே?

12-ஆம் வம்சத்தை ஒட்டிய மத்திய அரசுக் காலத்தில் புழக்கத்தில் இருந்தவை எழுநூற்றுச் சொச்சம். எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சத்தினரான தாலமி அரசர்கள் காலத்திலும் ரோமானியர் காலத்திலும் அது பல ஆயிரமாக வீங்கியது. எட்ஃபு, டெண்டேரா, எஸ்னா கோயில்களில் பூசாரிகள் எழுத்தோடு விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கட்டடத்துக்குள்ளிருந்து பாம்பு வெளியே வந்தால் ‘வெளியேறு’, உள்ளே போனால் ‘நுழை’. எஸ்னாவில் க்னூம் தெய்வத்துக்கான ஒரு துதிப்பாடல் கிட்டத்தட்ட முழுக்க முதலைகளாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்று செம்மறிக் கடாக்களால். ஒவ்வொரு முதலைக்கும் வெவ்வேறு வாசிப்பு.

வெளியில் நாடே கிரேக்கத்திலும் டெமாட்டிக்கிலும் எழுதிக்கொண்டிருந்தது. சித்திர எழுத்து தெரிந்தவர்கள் கோயிலுக்குள் ஒரு சிறு வட்டம். யாருக்கும் புரிய வேண்டிய கட்டாயம் இல்லாத எழுத்து எப்படியும் ஆடலாம். இதைச் செழிப்பு என்பவர்களும் உண்டு. எனக்கு அது கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு ஆடிய கொண்டாட்டமாகத்தான் தெரிகிறது.

கடைசியாக எப்போது எழுதினார்கள்?

தேதியே இருக்கிறது: கி.பி. 394 ஆகஸ்ட் 24. தெற்கே ஃபிலே தீவில், ஹாட்ரியன் வாயிலில், எஸ்மெத்-அகோம் என்ற பூசாரி மண்டுலிஸ் தெய்வத்தின் உருவத்துக்குப் பக்கத்தில் செதுக்கியது. பழைய நேர்த்தி அதில் இல்லை, பழக்கமில்லாத கை என்று பார்த்ததும் தெரியும். அதே ஃபிலேயில் டெமாட்டிக் கி.பி. 452 வரை தாக்குப்பிடித்தது.

அதன்பின் விளக்கம் சொன்னவர்கள் ஒலியை மறந்து படத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வாத்துக் குறி ‘மகன்’ என்ற சொல்லில் வரும். இரண்டின் மெய்யொலிகளும் ஒன்று என்பதே காரணம். சித்திர எழுத்துக்கு விளக்கம் சொல்லும் 5-ஆம் நூற்றாண்டு ஹோரபோல்லோவின் நூலோ வாத்து தன் குஞ்சுகள் மேல் உயிரையே வைத்திருப்பதால் என்கிறது. விடை சரி, கணக்கு தப்பு! 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் ஒலிகளைப் பிடித்த பிறகுதான் இது தெளிந்தது.

இன்றும் உயிரோடு இருக்கும் வடிவம் ஏதாவது?

உண்டு. எகிப்தின் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் பயன்படுத்தும் காப்டிக் எழுத்து கிரேக்க எழுத்துகளை எடுத்துக்கொண்டது. கிரேக்கத்தில் இல்லாத ஒலிகளுக்கு டெமாட்டிக்கிலிருந்து ஆறேழு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டது. அதில் ‘ஃபை’ என்ற எழுத்து நம் கொம்பு விரியனேதான். கொம்பும் உடலும் ஒரு வளைகோடாகி இன்னும் ‘ஃப்’ என்றே ஒலிக்கிறது.

இன்னொரு வழி சினாய்ப் பாலைவனம். செராபித் எல்-காதிம் நீலமணிச் சுரங்கத்தில் 1905-இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த கீறல்களில், செமிட்டிய மொழி பேசியவர்கள் எகிப்தியக் குறிகளைப் பார்த்துத் தங்கள் மொழிக்கு எழுத்து செய்திருந்தார்கள். மாட்டுத்தலை அவர்களுக்கு ‘ஆலெஃப்’. அதிலிருந்து ஃபினீசியம், கிரேக்கம் வழியாக வந்தது ரோமானிய எழுத்தின் முதல் எழுத்து. தலைகீழாகத் திருப்பினால் கொம்பு தெரியும்.

நம் தமிழ் எழுத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக இல்லை. அந்தச் சினாய் எழுத்தின் வாரிசுகளில் ஒன்று அராமியம். அராமியத்திலிருந்து பிராமி வந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து, ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். தமிழ் எழுத்து பிராமி வழி வந்தது.

ஆனால் இரண்டு எழுத்தும் ஒரே நாட்டில் புழங்கிய காலம் ஒன்று உண்டு. செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற பெயர்களும் ‘பானை ஒறி’ என்ற சொற்களும் தமிழ்-பிராமியில் இருக்கின்றன. காலம் கிறிஸ்து சகாப்தத்தின் தொடக்கத்தை ஒட்டியது. அந்தச் சரக்கோடு பாலைவனம் கடந்து நைல் கரைக்குப் போன தமிழர் யாராவது இருந்திருந்தால், டெண்டேராவில் கல்தச்சர்கள் சுவரில் பறவைகளைச் செதுக்கிக்கொண்டிருப்பதை நின்று பார்த்திருக்கலாம்.

இணையத்திலும் புத்தகங்களிலும் எல்லாக் குறிகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவே, ஏன்?

அது அச்செழுத்து செய்த வேலை. எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் 1920-களில் தன் இலக்கண நூலுக்காக வார்ப்பித்த அச்சுகள்தான் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தன. அவற்றின் மாதிரிகளைத் தீப்ஸில் உள்ள 18-ஆம் வம்சத்துக் கல்லறைகளிலிருந்து நார்மன், நீனா டேவிஸ் தம்பதி வரைந்து கொடுத்தார்கள். கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் 2009-இல் முதலில் நுழைந்த 1071 குறிகளும் பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பின்பற்றியவை. 2024-இல் இன்னும் 3995 சேர்ந்தன. அவற்றில் தாலமி காலக் குறிகள் ஏராளம்.

ஆகவே ஊனாஸ் பிரமிடின் வரிகளை ஒரு புத்தகத்தில் பார்க்கும்போது, ஆயிரம் ஆண்டு பிந்திய தீப்ஸ்காரரின் கையெழுத்தில்தான் அவற்றைப் பார்க்கிறோம். கால் வெட்டிய பறவைக்கும் அச்சில் முழுக் கால் முளைத்திருக்கக்கூடும். வடிவம் மாறிய கதை தெரிய வேண்டுமென்றால் அச்சுப் பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, சுவரின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் பாப்பிரஸ் சுருளின் கயிற்று நுனியைத் தேடுங்கள்.